பழகும் கருவிகள்

மாமல்லபுரத்துத் தெருக்களில் செல்வோர் கடலோசையைக் கேட்பதற்கு முன்னரே உளியோசையைக் கேட்பர். 1957ஆம் ஆண்டில் பயிற்சி நிலையமாகத் தோன்றி இன்று அரசினர் கல்லூரியாக விளங்கும் சிற்பக் கல்விக்கூடத்திலும், சாலையோரப் பட்டறைகளிலும் அவ்வோசை ஓய்வதில்லை. மாணவர்களே, அங்கே நாட்பட்ட உளி ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். பல்லாண்டு பிடித்த கைக்கேற்ப அது தேய்ந்திருக்கும். பிறர் கையில் சற்றே முரண்டு பிடிக்கும். கருவி மனிதனுக்குப் பழகுதல் என்பது புதிதன்று. ஆயினும், அடுத்த அடி எங்கே விழவேண்டும் என்று அவ்வுளி சிற்பிக்குச் சொல்வதில்லை.

இன்று நம் இல்லங்களிலுள்ள செல்பேசியோ அவ்வாறு சொல்லத் துணிந்துவிட்டது. இதனை வரவேற்பதா, ஐயுறுவதா என்பதே என் மனத்தில் நெடுநாளாக இருந்துவரும் வினா.

செல்பேசியில் தமிழ் எழுதுவதே அரிதாயிருந்த காலம் ஒன்று உண்டு. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் ஆக்கிய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியிடப்பெற்றது. இப்பொழுதோ, இரண்டெழுத்தை எழுதியவுடன் மூன்று சொற்கள் விசைப்பலகையின்மேல் வந்து வரிசையாக நிற்கின்றன. இது மாயமன்று, கணக்கே. எச்சொல்லுக்குப்பின் எச்சொல் மிகுதியாக வருகிறது என்பது எண்ணற்ற சொற்றொடர்களிலிருந்து முன்னரே கணக்கிடப்பட்டுள்ளது. பின்னர் உங்கள் எழுத்தையும் கவனித்து அக்கணக்கைப் பொறி திருத்திக்கொள்கிறது. கொக்கிலமேட்டு மீனவச் சிறுவன் ஒருவன் 'கச்சான்' என்று எழுதுவதாகக் கொள்வோம். மேல்காற்றுக்குக் கடற்கரையோர் வழங்கும் பெயர் அது. முதன்முறை பொறி அதனைப் பிழையென்று கருதி வேறொரு சொல்லாக மாற்ற முற்படும். அவன் விடாது நாலைந்து முறை எழுதினாலோ பணிந்துவிடும். அதன்பின் 'கச்' என்ற அளவிலேயே அச்சொல்லைத் தானாக எடுத்து நீட்டும். நெய்தல் நிலத்துச் சொல் ஒன்றை ஒரு பொறி சிறுவனிடம் கற்றுக்கொள்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

பிற நன்மைகளும் உள. எப்பொழுது எதனைப் பயன்படுத்துகிறோம் என்று அறிந்து மின்கலத்தின் ஆற்றலைச் சேமிக்கும் செல்பேசிகள் 2018 முதல் வழக்கத்திற்கு வந்தன. பேச்சுத் தெளிவில்லாதவரின் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகி, அவர் கூறுவதைப் பிறர்க்கு விளங்கும்படி எழுத்தாக்கித் தரும் கருவிகள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழிலும் அவை பெருகவேண்டும். இவற்றைக் குறைகூற என் நா எழவில்லை.

நிற்க. இக்கருவிகள் நேற்றைய பழக்கத்தைக்கொண்டே நாளையைக் கணிக்கின்றன என்பதை மறத்தலாகாது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் காலை, மாமல்லபுரத்துக் கடல் உள்வாங்கியது. அதுவரை நீருக்குள் மறைந்திருந்த பாறைகள் வெளிப்பட்டன. பின்னர் ஆழிப்பேரலை எழுந்து கரையைத் தாக்கியது. அன்று வாழ்ந்திருந்த எவருடைய பழக்கத்திலும் அத்தகைய காலைப்பொழுது இல்லை. பழக்கத்தை மட்டுமே கற்ற பொறி ஒன்று அன்றும் வழக்கமான நேரத்தில் வழக்கமான செய்தியைத்தான் காட்டியிருக்கும். அதன் பின்னர் 2007ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் நிறுவப்பெற்ற ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம், யார் எதனை விரும்பினர் என்று பார்ப்பதில்லை. நில அதிர்வையும் கடல் மட்டத்தையும் அளக்கிறது. உலகை அளக்கும் கருவி வேறு, நம்மை அளக்கும் கருவி வேறு. இவ்விரண்டையும் 'அறிவுள்ள கருவி' என்ற ஒரே பெயரால் அழைப்பது எனக்கு உடன்பாடன்று.

நம்மை அளப்பதிலும் ஒரு கோளாறு உண்டு. நீங்கள் எதனை விரும்பினீர்கள் என்பதைப் பொறி அறியாது; எதன்முன் நின்றீர்கள் என்பதையே அறியும். தேரைக் காண நின்றவனும் தெருச்சண்டையைக் காண நின்றவனும் அதற்கு ஒன்றே. தேர்வுக்கு முந்திய இரவில் சண்டைக்காட்சி ஒன்றன்முன் ஐந்து நிமிடம் நின்றவனுக்கு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் சண்டைக்காட்சிகளே வந்துகொண்டிருக்கும். அவன் அவற்றையும் பார்ப்பான். 'என் கணிப்புச் சரியே' என்று பொறி மேலும் உறுதிகொள்ளும். இங்கே யார் யாருக்குப் பழகுகின்றனர்? உளி கைக்கேற்பத் தேய்ந்தது. இங்கோ கைதான் தேய்கிறது. அத்தேய்மானத்தால் பொருள் ஈட்டுவோர் உளர் என்பதையும் கூறிவிடவேண்டும். நம் பார்வை நிற்கும் இடத்தில் விளம்பரம் வைத்து விற்பது அவர்தம் வாணிகம்.

இதனை நம் நாட்டுச் சட்டமும் ஓரளவு உணர்ந்துள்ளது. 2017ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, தனிமறைவு அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவரின் நடத்தையைப் பின்தொடர்ந்து கவனிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் சில விலக்குகளுடன் தடுக்கிறது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. கடமைகள் பலவும் அதற்குப் பதினெட்டுத் திங்கள் கழித்தே நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டன. இத்துணைக் காலம் எதற்கு என்று நான் கேட்பேன். பள்ளிக்குத் தாமதமாக வரும் மாணவனுக்குப் பதினெட்டு நிமிடம் கூட நாம் தருவதில்லை அன்றோ!

கருவிகளைத் தூக்கி எறியுங்கள் என்று நான் கூறவரவில்லை. கற்பதற்குமுன் கருவி நம்மைக் கேட்கவேண்டும், கற்றதைக் காட்டவேண்டும், வேண்டாமென்றால் மறக்கவேண்டும். இவ்வமைப்புகள் ஏழு திரைகளுக்கு அடியில் புதைந்திராமல், முதல் திரையிலேயே தெளிந்த தமிழில் இருத்தல் வேண்டும். இன்றும் பல செல்பேசிகளில் கற்ற சொற்களை அழிக்கும் வசதி உண்டு, தேடித்தான் காணவேண்டும். அழித்துவிட்டால் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. மறுநாள் கொக்கிலமேட்டுச் சிறுவன் 'கச்சான்' என்பதை முழுவதும் தானே எழுதவேண்டியிருக்கும். நான்கே எழுத்து.