மூன்று துளைகள் சான்றாகா

அமெரிக்காவில் தனி ஆணையின்பேரில் வேட்டைத் துப்பாக்கி செய்துதரும் பட்டறைகள் பலவற்றில், துப்பாக்கியோடு ஓர் இலக்குத் தாளும் கைக்கு வருகிறது. நூறு கஜத் தொலைவிலிருந்து சுட்ட மூன்று குண்டுகளின் துளைகள் அதில் ஓர் அங்குலத்துக்குள் நெருங்கி நிற்கும். ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்தவருக்கு அதுவே துல்லியத்தின் சான்றிதழ். உண்மையில் அந்தத் தாள் ஏறக்குறைய எதையும் மெய்ப்பிப்பதில்லை.

கணக்கு எளியது. குண்டுகளின் சிதறல் எத்திசையிலும் ஒரே அளவான இயல்நிலைப் பரவல் எனக் கொண்டால், மூன்று துளைகளுக்கிடையிலான மிகப்பெரிய இடைவெளி சராசரியாகத் திட்டவிலக்கத்தின் 2.4 மடங்கு, ஐந்துக்கு 3.1 மடங்கு, பத்துக்கு 3.8 மடங்கு. ஆகவே, மூன்று குண்டுகளில் சராசரியாக ஓர் அங்குலம் காட்டும் அதே துப்பாக்கி, பத்துக் குண்டுகளில் ஏறத்தாழ 1.6 அங்குலம் காட்டும். மாறியது துப்பாக்கியன்று, கூறின் அளவு. பலமுறை சுட்டு, மிகச் சிறிய தொகுதியை மட்டும் எடுத்துக் காட்டினால் சாதாரணத் துப்பாக்கியும் அதிசயமாகிவிடும்.

அப்படியானால் துல்லியம் எங்கே இருக்கிறது? முதன்மையாகக் குழலில். உட்துளை நெடுகிலும் ஒரே அளவாக இருத்தல், தோட்டா அறையின் அச்சும் குழலின் அச்சும் ஒன்றியிருத்தல், குழல்வாய் கோணலின்றி வெட்டப்பட்டிருத்தல் ஆகியவற்றை வேறெதுவும் ஈடுசெய்யாது. 1909இல் வெளிவந்த தம் நூலில் ஃபிராங்க்ளின் மான் பல ஆண்டுச் சோதனைகளைத் தொகுத்தளித்தார். குண்டின் முனை சிதைந்தால் விளையும் பிழை சிறிது. அடிப்பகுதி சிதைந்தால் விளையும் பிழை பெரிது என்று அவர் காட்டினார். குண்டின் அடிப்பகுதி கடைசியாகத் தொட்டு நீங்கும் இடம் குழல்வாய். அந்த விளிம்பில் ஒரு சிறு வடு இருந்தால், வெடிவாயு ஒரு பக்கமாக முந்தி வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும்.

அடுத்தது, குழலும் அது திருகப்பட்ட உலோகக் கூடும் கட்டையில் அமரும் விதம். வாதுமை மரம் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். அது குழலை ஒரு பக்கம் அழுத்தினால் குண்டு விழும் இடமும் பருவத்தோடு நகரும். ஆனால் விலைப்பட்டியல்களில் முன்வரிசை பெறுவதோ அந்த மரத்தின் வரியழகும் உலோகத்தின் செதுக்கு வேலையும்.

"வேட்டையில் ஒன்றிரண்டு குண்டுகளே சுடப்படுகின்றன, மூன்று போதாதா?" என்பார்கள். இந்த வாதம் அவர்களுக்கே எதிராகத் திரும்புகிறது. வேட்டைக்காரருக்கு வேண்டியது குளிர்ந்த குழலின் முதல் குண்டு. எனில், பத்து வெவ்வேறு நாட்களில், வெயிலிலும் ஈரத்திலும், முதல் குண்டை மட்டும் ஒரே தாளில் சுட்டுப் பதியட்டும். ஒரே பிற்பகலில் அடுத்தடுத்துச் சுட்ட மூன்று துளைகள் இந்தக் கேள்விக்கு விடையே அல்ல.

இது வெறும் எண் விளையாட்டன்று. நூறு கஜத்தில் 1.6 அங்குலச் சிதறல், முந்நூறு கஜத்தில் ஐந்து அங்குலத்தை நெருங்குகிறது. அதன்மேல் காற்றும் கைநடுக்கமும் சேர்கின்றன. தாளை நம்பியவர் சுடத்தகாத தொலைவிலிருந்து சுடுகிறார். குடல் கிழிந்த மான் புதருக்குள் ஓடி மெல்லச் சாகிறது. பொய்யான துல்லியத்தின் விலையைக் கொடுப்பது துப்பாக்கியை வாங்கியவரல்லர்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விளையாட்டு வேட்டைக்கு இன்று இந்தியாவில் இடமில்லை, நல்லது. ஆயினும் அந்தத் தாள் இந்திய ஆய்வு மாணவருக்கு அந்நியமானதன்று. மூன்று மாதிரிகளை அளந்து, அவற்றுள் ஒத்துவந்ததை வரைபடமாக்கி, ஒத்துவராததைக் "கருவிப் பிழை" என்று ஒதுக்கும் ஆய்வேடும் அதே பட்டறையில் செய்யப்பட்டதுதான். அதில் கையொப்பமிடும் நெறியாளர் ஒரேயொரு கேள்வி கேட்கட்டும்: காட்டப்படாத தாள்கள் எத்தனை?