அயாக்ஸ் ஜெர்சியும் பக்கத்துப் பேட்டையும்

எங்கள் காக்ஸ் டவுனில் நம்ம வீட்டுப் பிள்ளைகள் அயாக்ஸ் ஜெர்சி மாட்டிக்கொண்டு 1900-லிருந்து ஆம்ஸ்டர்டாம் கதை சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால், 'பெங்களூரில் ரசிகர் கூட்டம் என்று ஒன்று வந்ததே 2013-ல் பெங்களூரு எஃப்சி ஆரம்பித்த பிறகுதான்' என்று அப்பாக்களும் சேர்ந்து தலையாட்டும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

பக்கத்து அல்சூரில் கௌதமபுரம். நம் தமிழ் ஜனத்தின் பேட்டை. அம்பேத்கர், அன்னை தெரசாவோடு பீலேவுக்கும் சிலை வைத்த இடம் அய்யா அது! 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக நமக்கிருந்த ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர்தான். (இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு 2-1 என்று தோற்றோம். அந்த வயிற்றெரிச்சல் தனி.)

54 வருடம் கழித்து 2023-ல் கர்நாடகம் சந்தோஷ் கோப்பையை ஜெயித்தபோது எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு ஊசிப்பட்டாசுகூட வெடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கௌதமபுரம் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். அயாக்ஸ் ஜெர்சியோடேயே வரட்டும்.