கேரக்டர் என்றொரு சால்ஜாப்பு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களிடம் ஒரு மந்திரச் சொல் இருக்கிறது. "கேரக்டர்." ஸ்டியரிங் தொடையில் இடிக்கிறதா? கேரக்டர். பிரேக்கை மிதிக்கப் போன ஷூ ஆக்சிலரேட்டரையும் சேர்த்து உரசுகிறதா? கேரக்டர். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஒரு மண்ணும் தெரியவில்லையா? அதுவும் கேரக்டர்தான் சாமி, உங்களுக்கு ரசனை இல்லை. இதே குறைகள் ஒரு ஷேர் ஆட்டோவில் இருந்தால் டிரைவரைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். விலை ஏற ஏறக் குறை குணமாகிவிடுகிறது.

ஜாகுவார் ஈ-டைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ல் வந்தபோது உலகமே வாயைப் பிளந்தது. அழகு என்றால் அப்படி ஒரு அழகு, அதில் சண்டையே இல்லை. ஆனால் முதலில் வந்த வண்டிகளில் கால் வைக்கும் தரை தட்டையாக இருந்தது. கொஞ்சம் உயரமான ஆள் உட்கார்ந்தால் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்க வேண்டியதுதான். 1962-ல் கம்பெனியே தரையைப் பள்ளமாக்கிக் காலுக்கு இடம் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கு அந்த இடமில்லாத 'ஃப்ளாட் ஃப்ளோர்' வண்டிக்குத்தான் கிராக்கி அதிகம்! தயாரித்தவனே தப்பு என்று திருத்தியதை, வாங்குகிறவன் கூடுதல் பணம் கொடுத்து வாங்குகிறான்.

லம்போர்கினி கவுன்டாக் இன்னும் மோசம். மார்செல்லோ காந்தினி வரைந்த ஆப்பு வடிவம், 1974-ல் விற்பனைக்கு வந்தது. சுவரில் போஸ்டர் ஒட்ட அதைவிட நல்ல கார் கிடையாது. ஓட்ட? பின் கண்ணாடி வழியாகக் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. ஜன்னலில் ஒரு சின்னத் துண்டு மட்டும்தான் இறங்கும். ரிவர்ஸ் எடுக்க, கதவை மேலே தூக்கி, பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்து, உடம்பில் பாதியை வெளியே நீட்டித் திரும்பிப் பார்க்க வேண்டும். மேற்கு மாம்பலம் ஆரிய கவுடா ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு யாராவது இதைச் செய்து காட்டட்டும். பின்னால் வரும் காய்கறி வண்டிக்காரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பிறகு கேரக்டரைப் பற்றிப் பேசலாம். அக்னி நட்சத்திரத்தில் எஞ்சின் சூடு முதுகுக்குப் பின்னால் இருந்து அடிக்கும் என்பது இலவச இணைப்பு.

சரி, இவர்கள் வைக்கும் வாதத்துக்கு வருவோம். "அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

தெரியும். நன்றாகவே தெரியும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, பைலட் இறக்கை மடலை மூடுவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கி, விமானம் வயிற்றால் தேய்த்துக்கொண்டு போனது. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் காரணத்தைக் கண்டுபிடித்தார். இரண்டு ஸ்விட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி! சக்கர ஸ்விட்சுக்குச் சக்கரம் போலவும் மடல் ஸ்விட்சுக்கு ஆப்பு போலவும் பிடி வைத்தார், அவ்வளவுதான். 1950-ல் கில்பர்ட் டேனியல்ஸ் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, பத்து அளவுகளிலும் 'சராசரி'யாக இருந்த ஆள் ஒருவர்கூட இல்லை. பிரிட்டனிலேயே 1949-ல் இந்தத் துறைக்கு எர்கனாமிக்ஸ் என்று பெயர் வைத்து ஒரு சங்கமும் தொடங்கியாகிவிட்டது. இதற்கெல்லாம் பிறகு, 1961-ல், அதே பிரிட்டனின் ஈ-டைப் டாஷ்போர்டில் ஒரே மாதிரியான டாகிள் ஸ்விட்சுகள் வரிசையாக நின்றன. இருட்டில் வைப்பருக்குக் கை போனால் எதைத் தட்டுவோம் என்பது அவரவர் ஜாதகம். மோதினால் அந்த நீட்டிக்கொண்டிருக்கும் உலோகம் என்ன செய்யும் என்பதற்கு ஜாதகம்கூடத் தேவையில்லை. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் வந்த பிறகுதான், 1968 வாக்கில், தட்டையான ஸ்விட்சாக மாற்றினார்கள்.

அடுத்த வாதம்: "ஸ்போர்ட்ஸ் கார் என்றால் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்." இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. 1954-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்-லில் குழாய்ச் சட்டம் பக்கவாட்டில் உயரமாகப் போனதால் கதவை மேல்நோக்கித் திறக்க வேண்டியிருந்தது. ஆனால் அதே ஆட்கள்தான், உள்ளே ஏறத் தோதாக ஸ்டியரிங் வீலை மடங்கும்படி செய்தார்கள். கஷ்டம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு ஒரு வழியும் செய்தவன் மேல் யாருக்கும் கோபமில்லை. கோபம் எல்லாம், வழி செய்யாமல் விட்டதைத் தத்துவமாக்குகிறவர்கள் மேல். 1990-ல் ஹோண்டா என்எஸ்எக்ஸ் வந்தது. எஞ்சின் நடுவில்தான், உயரம் குறைவுதான், வேகமும் குறைவில்லை. ஆனால் சுற்றிலும் தெரிந்தது, கை போகிற இடத்தில் பட்டன் இருந்தது. முடியாது என்றவர்கள் அன்றைக்கே வாயை மூடியிருக்க வேண்டும்.

இவ்வளவு தூரம் போவானேன்? நம்ம ஊர்க் காரையே பார்ப்போம். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பிரிட்டனில் 1959-ல் வந்த ட்ரையம்ப் ஹெரால்ட்தான், 1961 முதல் மெட்ராஸில் தயாரானது. வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிகெலொட்டி. இதே ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி, அதே மிகெலொட்டியின் கையால், 1962-ல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ஆக மெட்ராஸ் ஹெரால்ட் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஹெரால்ட் 25 அடி விட்டத்துக்குள் திரும்பிவிடும். மாம்பலம் சந்துகளில் இதன் அருமை ஓட்டினவர்களுக்குத்தான் தெரியும். நாலாபுறமும் பெரிய கண்ணாடி. பிரிட்டிஷ் வண்டியில் ஸ்டியரிங் தண்டையே முன்னும் பின்னும் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் 1959-ல், சாதாரணக் குடும்பத்துக்கான விலையில்!

தம்பி ஸ்பிட்ஃபயருக்கு ஏற்றி இறக்கும் கண்ணாடி ஜன்னல் இருந்தது. போட்டிக் காரான ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட்டுக்கு அது 1964 வரை கிடையாது. 1958-ல் வந்த முதல் ஸ்ப்ரைட்டில் கதவுக்கு வெளிக் கைப்பிடிகூட இல்லை, உள்ளே கை விட்டுத் திறக்க வேண்டும். அது கேரக்டர் அல்ல, சிக்கனம். போட்டிக்காரன் ஜன்னல் கொடுத்ததும் இவனும் கொடுத்தான் பாருங்கள், கேரக்டர் எங்கே போயிற்று?

காமர்ஸ் மாணவர்களுக்கு இந்த வியாதியின் பெயர் தெரியும். சங்க் காஸ்ட். போட்ட பணம் திரும்பாது என்று தெரிந்ததும், போட்டது சரிதான் என்று நிரூபிக்க மனசு ஓவர்டைம் பார்க்கும். முதுகு வலிக்க வலிக்க அன்பு கூடும். அது அவரவர் முதுகு, அவரவர் பணம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் 1960களின் வண்டிகள் பலவற்றில் சீட் பெல்ட் கிடையாது. வால்வோ 1959-லேயே மூன்று முனை பெல்ட்டைப் போட்டுக் காட்டிவிட்டது. இன்று அந்தப் பழைய வண்டியில் ஒரு பெல்ட் மாட்டச் சொன்னால் "ஒரிஜினாலிட்டி போயிடும்" என்கிறார்கள். பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் மனைவியோ மகளோ. அவர் உயரத்துக்கு சீட்டை நகர்த்த வழியில்லை, பெடல் எட்டவில்லை என்றால் "இது உனக்கான கார் இல்லை" என்று பதில். ஐந்தரை அடிக்கு மேல் இருப்பதும் முழங்கால் வலி இல்லாமல் இருப்பதும் எப்போது ரசனைக்குத் தகுதியாயிற்று?

மெட்ராஸ்காரர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஹெரால்டுக்கு இரண்டே கதவு. பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி, குனிந்து, நுழைய வேண்டும். மடிசார் கட்டிய பாட்டியைப் பின்னால் ஏற்றி இறக்குவதை நினைத்துப் பாருங்கள். 1968-ல் வந்த மார்க் 3-ல் நான்கு கதவு வைத்தார்கள். பிரிட்டனில் ஹெரால்டுக்குக் கடைசி வரை நான்கு கதவு வரவே இல்லை. அந்த நாலு கதவு வண்டியைப் பார்த்து ஹெரால்டின் கேரக்டர் கெட்டுப்போச்சு என்று சொல்கிறவர்கள், முதலில் பாட்டியோடு பின் கதவில்லாத வண்டியில் அயோத்தியா மண்டபம் வரை போய்விட்டு வரட்டும்.