மூன்று நாள் எப்போது தொடங்குகிறது?

வங்கிக் கணக்கிலிருந்து நமக்குத் தெரியாமல் பணம் போய்விட்டால் மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியில் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில் இருக்கும் விதி அது. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் இடையில் வேறெங்கோ நடந்திருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு ஒரு ரூபாய்கூட இழப்பு வரக்கூடாது. நான்கிலிருந்து ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால், ஜீரோ பேலன்ஸ் அக்கவுன்ட் வைத்திருப்பவர் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அதிகபட்சம் 5,000 ரூபாய்வரை இழப்பைத் தாங்க வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கு என்றால் 10,000 ரூபாய்வரை. ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கி வகுத்துக்கொண்ட கொள்கைப்படி. மாதம் ஆயிரம், இரண்டாயிரம் வரவு வரும் கணக்கில் 5,000 ரூபாய் வரம்பு என்றால் போன பணம் முழுவதும் போனதுதான். ஆகவே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் இருப்பவருக்கு அந்த முதல் மூன்று நாள் மட்டுமே பாதுகாப்பு. அந்த மூன்று நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் அவருடைய பணம் இருக்கிறது.

மலையில் பணம் எப்படிக் கைக்கு வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 100 நாள் வேலைக்கான கூலி, முதியோர் ஓய்வூதியம், விவசாயிகளுக்கான உதவித்தொகை எல்லாமே வங்கிக் கணக்குக்குத்தான். அதை எடுக்க மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்தால் பேருந்துக் கட்டணம் ஒரு பக்கம், ஒரு நாள் கூலி இன்னொரு பக்கம். அதனால் ஊருக்குள்ளேயோ பக்கத்து ஊரிலோ கைரேகை வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் வங்கி முகவரிடம் போகிறார்கள். ஒரு செல்போன், அதோடு கம்பியில் இணைத்த சிறிய ரேகைக் கருவி. முகவர் வங்கியின் பெயரைத் தொட்டு, ஆதாரின் பன்னிரண்டு எண்களை அடித்து, தொகையைப் போட்டு, கருவியை நீட்டுவார். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். ஏடிஎம் அட்டை வேண்டாம், ரகசிய எண் வேண்டாம், ஓடிபி வேண்டாம். மரவள்ளி பிடுங்கியும் கடுக்காய் பொறுக்கியும் தேய்ந்த விரல் பல நேரம் முதல் முறையில் பதியாது. "ரேகை விழல, மறுபடி வைங்க" என்பார், வைப்பார்கள். "சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க" என்பார், திரும்பிப் போவார்கள். திரையில் என்ன வந்தது, எந்தத் தொகை அடிக்கப்பட்டது, முதல் ரேகையிலேயே பணம் கழிந்துவிட்டதா என்பது எதிரே நிற்பவருக்குத் தெரிய வழியில்லை. பெரும்பாலான முகவர்கள் நேர்மையாகத் தொழில் செய்பவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் மலையில் வங்கிச் சேவையே இல்லை. ஆனால் நேர்மையில்லாத ஒருவர் ஏமாற்ற நினைத்தால் தடுப்பதற்கு இந்த ஏற்பாட்டில் ஒன்றும் இல்லை. விரல் நேரில் இல்லாமலேயே பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்து ரேகையை நகலெடுத்துச் செய்த மோசடிகளும் பிற மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. ரேகை உயிருள்ள விரலுடையதா என்று பரிசோதிக்கும் முறையை 2023-ல் ஆதார் ஆணையம் கொண்டுவந்தது அதனால்தான்.

பணம் கழிந்ததும் எஸ்எம்எஸ் வரும் என்பதை நம்பியே மொத்த விதியும் எழுதப்பட்டிருக்கிறது. கல்வராயன் மலையில் பல ஊர்களில் சிக்னல் கிடைக்காது. கணக்கோடு இணைத்த எண், கூலி வேலைக்காக வெளியூர் போன மகனின் பாக்கெட்டில் இருக்கும். அல்லது ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ செத்துப்போன எண்ணாக இருக்கும். அடுத்த முறை வங்கிக்குப் போய் பாஸ்புக்கை நீட்டி என்ட்ரி போட்ட பிறகுதான் விஷயம் தெரியவரும். அதற்குள் இரண்டு மாதம் போயிருக்கும். "இத்தனை நாள் என்ன பண்ணீங்க?" என்று கேட்கும்போது அவருக்குப் பதில் இருக்காது. ஆனால் சுற்றறிக்கையில் பதில் இருக்கிறது. பணம் எடுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று நாள் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த நாளிலிருந்து, அந்த நாளையும் விட்டுவிட்டு, மூன்று வேலை நாள் என்றே இருக்கிறது. தகவல் கிடைக்கவில்லை என்றால் கெடு தொடங்கவே இல்லை. இதோடு இன்னொரு வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: எஸ்எம்எஸ் எந்தத் தேதியில், எந்த நேரத்தில் வாடிக்கையாளரைச் சென்றடைந்தது என்பதை வங்கி பதிவுசெய்து வைக்க வேண்டும், பொறுப்பை நிர்ணயிக்க அந்தப் பதிவு முக்கியம் என்கிறது அதே சுற்றறிக்கை. வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியின் தலைமேல்தான். மலையில் இருப்பவர் புகாரோடு வரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த எஸ்எம்எஸ் சென்றடைந்ததற்கான பதிவு எங்கே என்பது. அதைக் கேட்க வேண்டியவர் வங்கி மேலாளர். கேட்க வேண்டியது தன் வங்கியின் கணினியிடம்.

இது சட்டத்தை வளைத்துப் படிப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். நீதிமன்றங்கள் இதைவிட ஒருபடி மேலே போயிருக்கின்றன. 2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம், வாடிக்கையாளர் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை என்பதைக் காரணம் காட்டி வங்கி தப்பிக்க முடியாது என்று பாரத ஸ்டேட் வங்கி தொடர்ந்த மேல்முறையீட்டில் தீர்ப்பளித்தது. அடிக்கடி எஸ்எம்எஸ் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்களும் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். எஸ்எம்எஸ் வந்தும் பார்க்காதவருக்கே இந்தப் பாதுகாப்பு என்றால், வராதவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், அசாமைச் சேர்ந்த ஒருவரின் கணக்கிலிருந்து 94,000 ரூபாய்க்கு மேல் இணையவழியில் போயிருந்தது. ஓடிபியைப் பகிர்ந்திருப்பார் என்று வங்கி வாதாடியது. அவர் 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்திருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கவுகாத்தி உயர் நீதிமன்றத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. படித்தவரும் உச்ச நீதிமன்றம் வரை போராடித்தான் இந்தச் சுற்றறிக்கையைத் தனக்காகப் பேசவைக்க முடிந்தது. கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து யார் அவ்வளவு தூரம் போவார்கள்?

போன பணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்ற பேச்சைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மட்டும் யாரும் சொல்லக்கூடாது. 2020 ஆகஸ்டில், விவசாயிகளுக்குத் தவணைக்கு இரண்டாயிரம் ரூபாய் தரும் பிரதமரின் கிசான் திட்டத்தில் நடந்த மோசடி வெளியே வந்தபோது அதிகம் அடிபட்ட மாவட்டங்களில் இதுவும் ஒன்று. கொரோனா உதவித்தொகை வருகிறது என்று சொல்லி இடைத்தரகர்கள் ஆதார் நகலையும் பாஸ்புக் நகலையும் வாங்கிக்கொண்டு, நிலமே இல்லாதவர்களை விவசாயிகளாகப் பதிவுசெய்தார்கள். வேளாண் துறை அலுவலர்களின் கடவுச்சொல் வெளியாட்கள் கைக்குப் போயிருந்தது. தமிழகம் முழுக்க 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாத பெயர்கள், 110 கோடி ரூபாய். இழந்தது அரசு. சில வாரங்களிலேயே 32 கோடி ரூபாய் திரும்ப எடுக்கப்பட்டுவிட்டது. எந்தக் கணக்குக்கு எந்த நாளில் எவ்வளவு போனது, அந்தக் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறது, அதில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வங்கிகள் பணத்தைத் திரும்ப எடுத்தன. அப்படி எடுக்கப்பட்டவர்களில் ஏமாற்றப்பட்ட ஏழைகள் ஏராளம். அந்த வேதனை தனிக் கதை. இங்கே நான் சொல்ல வருவது வேறு. அரசின் இரண்டாயிரம் ரூபாயைத் துல்லியமாகத் தேடிப் பிடித்த அதே கணினிகள்தான், ஒரு பெண்ணின் ஆயிரம் ரூபாயைப் பற்றிக் கேட்டால் தகவல் இல்லை என்கின்றன. ஆதார்வழிப் பரிவர்த்தனை ஒவ்வொன்றிலும் முகவரின் அடையாள எண், கருவியின் எண், நேரம் எல்லாம் பதிவாகின்றன. தேடினால் கிடைக்கும்.

எதிர்வாதங்கள் உண்டு. கெடுவைத் தளர்த்தினால் பணத்தைத் தானே எடுத்துவிட்டு எடுக்கவில்லை என்று சாதிப்பார்கள் என்பது முதலாவது. சிலர் செய்வார்கள்தான். அதைக் கண்டுபிடிக்கும் சாதனம் முழுக்க வங்கியின் கையில் இருக்கிறது: ரேகைப் பதிவு, நேரம், முகவர் பற்றிய பிற புகார்கள். புகார் வந்த பத்து வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வைத்துவிட்டு, 90 நாட்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அவகாசமும் தருகிறது. ஒரு சிலர் பொய் சொல்வார்கள் என்பதற்காக எல்லோருடைய புகாரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புவது நியாயமாகாது. இரண்டாவது, அஜாக்கிரதை. ரகசிய எண்ணைச் சொல்லிக் கொடுத்தவர், புகார் செய்யும் வரையிலான இழப்பைத் தானே ஏற்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் ரேகை ரகசிய எண் அல்ல. அதைக் கேட்கும் இடமெல்லாம் வைத்துத்தான் ஆக வேண்டும்; மாற்றிக்கொள்ளவும் முடியாது. வங்கி நியமித்த முகவரிடம் வங்கி சொன்னபடி விரலை வைத்தவரை அஜாக்கிரதை என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. முகவரின் செயலுக்கு அவரை நியமித்த வங்கியே பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் நெடுநாள் விதி. வங்கித் தரப்பில் மோசடி என்றால் மூன்று நாள் கெடுவே கிடையாது. முகவர் வேறு வங்கியைச் சேர்ந்தவர், அங்கே போய்க் கேளுங்கள் என்று அனுப்புவதும் தகாது; கணக்கு வைத்திருப்பவருக்கு உறவு ஒரே வங்கியோடுதான், மற்றதை வங்கிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும்.

ரேகையைப் பூட்டிவைத்தால் போதுமே என்பார்கள். ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டும் வசதி உண்டு. நகரத்தில் இருப்பவர்கள் அவசியம் செய்ய வேண்டிய காரியம். மலையில் அது அரிசியைத் தடுக்கும். ரேஷன் கடையிலும் அதே ரேகைதான் வைக்க வேண்டும். பூட்டைத் திறக்க ஆதாரோடு இணைத்த செல்போனும் சிக்னலும் வேண்டும். சில வங்கிகள் ஆதார் வழியாகப் பணம் எடுப்பதை மட்டும் கணக்கில் நிறுத்திவைக்கின்றன. ஏடிஎம் அட்டை இருப்பவர்களுக்கு அது உதவும். முகவரை மட்டுமே நம்பியிருப்பவருக்கு உதவாது. கடைசி வாதம், இவ்வளவு பொறுப்பைச் சுமத்தினால் வங்கிகள் முகவர்களையே எடுத்துவிடும், மலைக்கு இருக்கும் சேவையும் போய்விடும் என்பது. இதில் உண்மை இருக்கிறது, எனக்கும் கவலை தருவது இதுதான். முகவர்களின் கமிஷன் மிகக் குறைவு. ஆனால் அந்தச் செலவை இன்று யார் சுமக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்: பணத்தைப் பறிகொடுத்தவர் சுமக்கிறார். அவரைவிட வங்கிக்குத் தாங்கும் சக்தி அதிகம். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி, ஆதார்வழி முகவர்களைத் தீர விசாரித்தே சேர்க்க வேண்டும், மூன்று மாதம் செயல்படாமல் இருந்தவரை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டதும் பொறுப்பை வங்கியின் பக்கம் நகர்த்தத்தான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, பேருந்து, மருத்துவம் என்று பேசப்பட்ட பட்டியலில் செல்போன் சிக்னலும் பாஸ்புக் என்ட்ரி போடும் இயந்திரமும் சேர வேண்டும். சலுகைப் பணம் முழுவதையும் வங்கிக் கணக்குக்கு மாற்றிய அரசுக்கு, அந்தக் கணக்கைப் பார்க்க வழி செய்து தரும் கடமையும் இருக்கிறது. முகவர் ஒவ்வொரு முறையும் அச்சிட்ட ரசீது தர வேண்டும், பரிவர்த்தனை நடக்கவில்லை என்றாலும் தர வேண்டும் என்பதை மாவட்ட ஆட்சியரும் வங்கிகளின் மாவட்ட ஆலோசனைக் கூட்டமும் நினைத்தால் நாளையே கட்டாயமாக்கலாம்.

அதுவரை, மலையில் உறவினர்களோ தெரிந்தவர்களோ இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீழே இறங்கும்போதெல்லாம் அவர்களின் பாஸ்புக்கை வாங்கி என்ட்ரி போட்டுக் கொடுங்கள். தெரியாத வரி ஏதாவது இருந்தால் அன்றைக்கே கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து, தேதியும் முத்திரையும் போட்ட நகலை வாங்குங்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் பேசுங்கள், செல்போன் செயலிகள் வழியாகப் போன பணம் என்றால் வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ரொக்கமாகக் கைமாறிவிட்ட பணத்துக்கு வங்கியின் பொறுப்பு ஒன்றுதான் கதி. அதனால் புகாரில், எஸ்எம்எஸ் எனக்கு வரவில்லை, பாஸ்புக்கில் பார்த்த இந்தத் தேதியில்தான் எனக்குத் தெரியவந்தது, எஸ்எம்எஸ் சென்றடைந்த பதிவைக் காட்டுங்கள் என்ற மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.