சொல்லாமல் விற்றவரைக் கேளுங்கள்



கனடாவில் குடியேறக் கிளம்பிய பிள்ளை விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்தால், "படித்தவன்தானே, விசாரிக்க வேண்டாமா?" என்று ஊரே பேசுகிறது. இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை.

விலை குறைவு என்று அமெரிக்கா வழியாகப் போகும் டிக்கெட்டைத் தலையில் கட்டுகிறார்கள். விசா இல்லாமல் விமானம் மாறும் வசதியை அந்த நாடு 2003 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டது. கனடாவின் குடியேற்ற விசா கையில் இருந்தாலும், அங்கே இரண்டு மணி நேரமே நின்றாலும், அமெரிக்க விசா இல்லாத இந்தியர் சி-1 என்ற டிரான்சிட் விசா எடுத்தாக வேண்டும்.

விசா இல்லாதவரை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனத்துக்கு அபராதம். அதனால் சென்னையிலேயே கவுண்டரில் நிறுத்திவிடுகிறார்கள். பயணிக்குப் பணம் போகிறது, போய்ச் சேர வேண்டிய நாளும் போகிறது. விற்றவருக்கு மட்டும் ஒரு நஷ்டமும் இல்லை. காலாவதியான மருந்தை விற்றால் கடைக்காரரைக் கேட்போமா, நோயாளியைத் திட்டுவோமா?

"நாட்டுக்கு நாடு விதி மாறும், எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள். கவுண்டரில் இருப்பவர் டிமாட்டிக் என்ற கணினித் தொகுப்பில் பார்த்துத்தானே தடுக்கிறார்? கமிஷன் வாங்குபவர் அதை விற்பதற்கு முன்பே பார்க்கட்டும்.

நம் வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளம் விற்ற காசிலும் அடகு வைத்த நகையிலும்தான் டிக்கெட் வாங்குகிறோம். "இந்த வழிக்கு டிரான்சிட் விசா தேவையில்லை" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் டிக்கெட் வாங்காதீர்கள்.