மறுமுறையும் அதே விடை வருகிறதா?

"மனவுறுதி ஓர் எரிபொருள் போன்றது, செலவழித்தால் தீர்ந்துவிடும் என்று ஆராய்ச்சியே சொல்கிறதே" என்று சர்க்கரை நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் கூறுவதுண்டு. அந்த ஆராய்ச்சி உண்மையில் நடந்ததுதான். 1998-இல் அமெரிக்காவில் ராய் பாமைஸ்டர் குழுவினர், சாக்லேட் பிஸ்கட்டை எதிரில் வைத்துவிட்டுச் சிலரை முள்ளங்கி மட்டும் தின்னச் சொன்னார்கள். ஆசையை அடக்கிய அவர்கள், பிறகு கொடுத்த விடையில்லாப் புதிர்களை மற்றவர்களைவிட விரைவில் கைவிட்டனர். பாடநூல்களில் இடம்பெற்ற முடிவு இது. ஆனால் அதே கருத்தை 2016-இல் 23 ஆய்வகங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் வேறொரு பொதுச் செய்முறையால் சோதித்தபோது, விளைவு ஏறத்தாழச் சுழியமாகவே இருந்தது.

இது தனியொரு நிகழ்வன்று. 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த ஒரு பெரும் கூட்டுமுயற்சியின் முடிவு 2015-இல் வெளியானது. முதலில் ஏறக்குறைய எல்லா ஆய்வுகளும் வெற்றி என அறிவிக்கப்பட்டிருந்தன. திரும்பச் செய்தபோது சுமார் 36 விழுக்காடே தேறின. ஆய்வுக்கு உட்பட்டோர் மிகச் சிலராக இருந்ததும், வெற்றி கண்ட ஆய்வுகளையே இதழ்கள் விரும்பி வெளியிட்டதும் இதற்கு முக்கியக் காரணங்கள். மருந்துத் துறையும் விதிவிலக்கன்று. மனச்சோர்வு மருந்துகள் பற்றிய 74 சோதனைகளை 2008-இல் ஒப்பிட்டபோது, சாதகமாக அமையாதவற்றுள் பல அச்சேறவே இல்லை எனத் தெரிந்தது. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது மருந்தின் பயன் குறைந்தது, ஆயினும் மறையவில்லை.

ஆகவே, "உளவியல் எல்லாம் பொய், மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்னும் வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. தன் தவற்றைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் துறையை எங்களால் நம்ப முடிகிறது. இப்போது பல ஆய்வாளர்கள் எதை, எப்படி அளப்போம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிடுகின்றனர். விடை வந்தபின் கேள்வியை மாற்ற அதில் இடம் குறைவு.

நம்பகத்தன்மை ஆய்வகத்தோடு முடிவதில்லை. எங்கள் புறநோயாளர் அறைக்கும் அது வேண்டும். மனச்சோர்வை அளக்க நாங்கள் தரும் ஒன்பது கேள்விப் படிவம் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியது. மொத்தம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டால் மேலும் விசாரிப்போம். நிலை மாறாத ஒருவருக்கு மறுமுறையும் ஏறத்தாழ அதே எண் வரவேண்டும். வருவதில்லை, ஏனெனில் ஒருமுறை நோயாளியும் மறுமுறை மகனும் விடை சொல்கிறார்கள். "அப்பா நன்றாகத்தான் தூங்குகிறார், டாக்டர்!" அன்பினால் சொல்வதுதான். ஆனால் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பதைப் பற்றியது. பிள்ளைகள் அருகில் நிற்க, அதற்கு எந்தத் தந்தை உண்மை சொல்வார்?

எனவே படிவம் நிரப்பும் பத்து நிமிடங்கள் குடும்பத்தார் வெளியே காத்திருக்க வேண்டுகிறோம். வீட்டில் நீங்கள் கவனித்தவற்றைப் பின்னர் எங்களிடம் தனியே சொல்லலாம். அவையும் எங்களுக்குத் தேவை. படிக்க இயலாதவர்களுக்குச் செவிலியர் வாசித்துக் காட்டுவார், ஒவ்வொரு முறையும் அதே சொற்களில்.