வாத்தியாருக்கு என்ன தெரியும்?

செப்டம்பர் 5-ஆம் தேதி வந்துவிட்டால் பத்திரிகைகளுக்கு இரண்டு வேலை. ஒரு பக்கத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கு மாலை போடுவார்கள். மறு பக்கத்தில் அந்த மாலையைப் பூப்பூவாய்ப் பிய்த்துப் போடுவார்கள். மாலை போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அவர் எழுதிய புத்தகம் ஒன்றையும் திறந்து பாராமலே போடுகிறவர்கள் அவர்கள். பிய்க்கிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

மேல்விஷாரம் டீக்கடையில் போன தடவை இப்படி ஒரு கட்டுரையைப் பெரியவர் ஒருவர் உரக்க வாசித்தார். நாற்பது வருஷம் தோல் ஷாப்பில் தரம் பிரித்தவர். 1952-இல் உபராஷ்டிரபதி பதவிக்கு நிற்க இந்த மனிதருக்கு என்ன யோக்யதை இருந்தது என்று கட்டுரைக்காரர் கேட்டிருந்தார். ஜெயிலுக்குப் போனாரா? சட்டம் படித்தாரா? வெள்ளைக்காரன் கொடுத்த சர் பட்டத்தை வாங்கிக்கொண்ட தத்துவ வாத்தியார்தானே?

பெரியவர் பத்திரிகையை மடித்தார். "ஏன் தம்பி, வாத்தியாருன்னா அவ்வளவு இளப்பமா?" என்றார்.

"பதில் எழுதுகிறேன், பாய்" என்றேன். வாக்குக் கொடுத்த பிறகு பின்வாங்க முடியுமா?

முதலில், யோக்யதை என்று சட்டம் எதைச் சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 66-வது பிரிவு: இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும், 35 வயது நிறைந்திருக்க வேண்டும், ராஜ்ய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதி இருக்க வேண்டும், ஆதாயம் தரும் சர்க்கார் பதவி வகிக்கக் கூடாது. அவ்வளவுதான். ஜெயில் சர்டிபிகேட் கேட்கவில்லை. வக்கீல் பட்டமும் கேட்கவில்லை. கல்லூரிப் பட்டம் இல்லாத என் போன்றவர்களுக்கு இது ஓர் ஆறுதல் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்களூருக்குக் கிழக்கே ஆற்காடு, பாலாற்றைத் தாண்டி ராணிப்பேட்டை, அப்புறம் வாலாஜாப்பேட்டை. மேற்கே வேலூர். திருத்தணியில் 1888-இல் பிறந்த அந்தப் பையன் வாலாஜாவிலும் படித்தான், வேலூர் வூர்ஹீஸ் கல்லூரியிலும் படித்தான். ஆகவே அவன் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. தத்துவம் படித்ததும் ஆசைப்பட்டு அல்ல. கையில் காசில்லை, உறவுக்காரப் பையன் ஒருவன் படித்து முடித்துக் கொடுத்த புத்தகங்கள் தத்துவமாக இருந்தன, எடுத்துக்கொண்டான். 'மேட்டுக்குடி மேதை' என்று எழுதுகிறவர்கள் இந்தப் பழைய புத்தகக் கட்டையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

சர் பட்டம் வாஸ்தவம். 1931-இல் வாங்கினார். உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு மறு வருஷம் அது. வேதாரண்யத்தில் அடிபட்டவர்களின் காயம் ஆறியிருக்காது. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் தோல் ஷாப் பெரியவரின் பேச்சு ஒன்று ஞாபகம் வருகிறது. தழும்பில்லாத தோல் கிடையாது என்பார். உண்ணி கடித்திருக்கும், முள் கீறியிருக்கும், உரித்தவன் கத்தி பட்டிருக்கும். தழும்பு வயிற்றுப் பக்கம் இருந்தால் ஒரு விலை, நடு முதுகில் இருந்தால் வேறு விலை. தழும்பு எங்கே என்று பார்க்கத் தெரியாதவன் தரம் பிரிக்க உட்காரக் கூடாது.

எந்த வேலைக்கு ஆள் எடுத்தார்கள் என்று பாருங்கள். ராஜ்ய சபையின் தலைவர் வேலைக்கு. 1952-இல் அந்தச் சபையே புதுசு, 216 அங்கத்தினர்கள். தலைவருக்கு ஓட்டுக் கிடையாது, இரு பக்கமும் சமமாக நின்றால் ஒழிய. சட்டப் பிரிவு எத்தனை என்று காதில் ஓத பக்கத்திலேயே காரியதரிசி இருப்பார். இரண்டு கட்சிக்காரனும் கோபத்தில் எழுந்து நிற்கும்போது, இரண்டு பேரையும் உட்கார வைக்கிற சொல்லைக் காரியதரிசி எழுதிக் கொடுக்க முடியாது. 1909-இல் சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் தொடங்கி, மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு என்று எத்தனை வகுப்புகளை அடக்கி ஆண்டவர்! கட்சியில் ஊறிய ஒருவரை அங்கே உட்கார வைத்தால்தான் நான் யோக்யதையைப் பற்றிக் கேட்பேன். பிற்பாடு 1962-இல் மறுபடியும் ஒரு வாத்தியாரை, ஜாமியா மில்லியாவின் ஜாகிர் ஹுசேனை, அதே நாற்காலிக்குத் தேடிப் போனார்களே, ஏன்?

'அரசியல் தெரியாதவர்' என்பது அடுத்த புகார். அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர். 1947 ஆகஸ்டு 14 நள்ளிரவில் அங்கே பேசியவர். 1949-இல் மாஸ்கோவுக்குத் தூதராக அனுப்பினார்கள். அவருக்கு முன் இருந்த விஜயலக்ஷ்மி பண்டிட்டை ஸ்டாலின் ஒரு தடவைகூடச் சந்திக்கவில்லை. அவரோ நேருவின் சொந்தத் தங்கை, சத்தியாக்கிரகி, ஜெயிலுக்குப் போனவர். இந்தத் தத்துவ வாத்தியாரை 1950-இல் ஒரு முறையும், ஊர் திரும்பும்முன் 1952-இல் ஒரு முறையும் அழைத்துப் பேசினார். இதற்கு என்ன பெயர் வைப்பது? அரசியல் தெரியாமை என்றா?

அப்புறம் அந்தத் திருட்டுப் புகார். ஜாதுநாத் சின்ஹா என்ற வங்காள அறிஞர், தம் ஆராய்ச்சியை எடுத்து எழுதிவிட்டார் என்று 1929-இல் வழக்குப் போட்டார். இவர் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1933-இல் இரண்டும் ராஜியில் முடிந்தன. தீர்ப்பே இல்லாத வழக்கு அது. அதனால் குற்றமற்றவர் என்று நானும் சொல்ல மாட்டேன். குற்றவாளி என்று எழுதுகிறவருக்கு ஹைகோர்ட்டு நீதிபதி உத்தியோகம் யார் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்பேன்.

எனக்குக் கோபம் இவர்கள் குறை சொல்வதில் இல்லை, பார்த்துச் சொல்லாததில்தான். 1962 அக்டோபரில் சீனப் படையெடுப்புக்காக நெருக்கடி நிலை வந்தது. ஒரு மாதத்தில் சண்டை நின்றது. நெருக்கடி நிலை நிற்கவில்லை. கைதானவன் கோர்ட்டுக்குப் போகிற உரிமையை நிறுத்தி வைத்த உத்தரவு ராஷ்டிரபதி ராதாகிருஷ்ணன் பெயரில் வந்தது. 1965-இல் இந்தி எதிர்ப்பின்போது கருணாநிதியைப் பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தது அந்த நெருக்கடியில் பிறந்த பாதுகாப்பு விதிகள்தாம். 1967 மே மாதம் அவர் பதவியை விட்டு இறங்கிய அன்றும் நெருக்கடி நிலை அப்படியே இருந்தது. மந்திரிசபை சொன்னபடி கையெழுத்திட வேண்டியவர் என்பது சரி. ஆனால் அதே 1967 ஜனவரியில், குடியரசு தினத்துக்கு முதல் நாள், சர்க்காரின் திறமைக் குறைவையும் நிர்வாகச் சீர்கேட்டையும் ரேடியோவில் பகிரங்கமாகக் கண்டித்தவர்தானே? வாய் இருந்ததே! இதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

நடு முதுகில் இருக்கிற தழும்பு இதுதான். அடுத்த செப்டம்பரில் யாராவது இதை எழுதட்டும். அந்தப் பத்திரிகையை நானே காசு கொடுத்து வாங்கிப் பாயிடம் வாசித்துக் காட்டுகிறேன்.